மாரம்மா சிக்கெடுத்த நாள்

பண்ணையில் முதல் மணி அடித்து ஓய்ந்த நேரத்தில் அந்தச் செய்தி வந்தது. பால் வண்டி ஓட்டும் நாராயணப்பன் வண்டியை விட்டு இறங்கவில்லை. மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு குடிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஏம்மே மாரி, உன் நாத்தனா சாந்தம்மா வர்றா. தளி ரோட்டுல பாத்தேன். பூசாரி முனிவேலு, கூடை சொமக்கறவ, வாத்தியம் வாசிக்கறவன், எல்லாருமா வர்றாங்கோ. உச்சிக்குள்ள இங்க இருப்பாங்கோ."

மாரம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். கோல் பானையிலேயே நின்றது.

"அமாவாசைக்குத்தானே வர்றதாச் சொன்னாங்க?"

"என்னைக் கேட்டா? அம்மனுக்கு அவசரமோ என்னவோ." மாட்டைத் தட்டிச் சற்றுத் தூரம் போனவன் திரும்பிப் பார்த்தான். "பொண்ணு தலையை மூடி வெய்யி. கண்டவங்க கண்ணு படப்போவுது."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அவனுக்கும் அது அதற்குள் வெறும் தலைமுடியாக இல்லாமல் போய்விட்டது.

உள்ளே பாயில் மாரம்மாவின் ஒரே மகள் சம்பங்கி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. முகம் சுருங்கிக் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. தலைதான் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தது. சுருண்டு, அடர்ந்து, பின்பக்கம் முழுவதும் ஒன்றோடொன்று பின்னி, குறும்பர் நெய்யும் கம்பளியைப் போல ஒரே தகடாகக் கிடந்தது.

அந்தக் காய்ச்சல் வந்தபோது பிள்ளையின் வயிற்றில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. அம்மை என்று எல்லோரும் சொன்னார்கள். மாரம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் கூடாது, சீப்பு கூடாது, தலைக்குத் தண்ணீர் கூடாது. ஒரு வாரம் கழித்துப் பண்ணை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, இது அம்மையே இல்லை, விஷக் காய்ச்சல் என்று சொல்லி மருந்து கொடுத்தார். மருந்தைக் கொடுத்தார்கள். ஆனால் வேப்பிலையை எடுக்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஒருவேளை அம்மையாகவும் இருந்துவிட்டால்? பிள்ளை இரவும் பகலும் தலையைப் பாயில் உருட்டிக்கொண்டே கிடந்தாள். வேறு முடியாக இருந்தால் சிக்கு விழுந்திருக்கும், அவ்வளவுதான். சம்பங்கிக்கு வாய்த்தது மாரம்மாவின் முடி.

காய்ச்சல் உச்சத்தில் இருந்த நாளில் ஜவளகிரியிலிருந்து சாந்தம்மா வந்தாள். அவள் மாரம்மாவின் கணவன் ஆஞ்சப்பனுக்கு அக்கா. பிள்ளையின் தலையைத் தூக்கி மடியில் வைத்தவள் பின்னந்தலையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். "சடை வுழுந்திருக்குடா ஆஞ்சி" என்றாள். அங்கேயே கிழக்கே பார்த்து விழுந்து கும்பிட்டாள். "எல்லம்மா, பிள்ளை உசுரைக் குடு. உன் சடையை உனக்கே வுட்டுடறோம்."

பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

இனி நடக்க வேண்டியதில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பூசாரி வந்து தலையில் மஞ்சளும் குங்குமமும் வைக்கும்வரை அது முடி. வைத்துவிட்டால் சடை. அதன்பின் சீப்பு படக்கூடாது, பெற்றவள் கைகூடப் படக்கூடாது. சடை வளர்ந்தவள் அம்மனுக்கு உரியவள். கூடையைத் தலையில் ஏந்தி ஊர் ஊராகப் போக வேண்டும். அவளுக்குக் கல்யாணம் கிடையாது, வீடு கிடையாது. பயந்துபோய் முன்கூட்டியே வெட்டி எறிந்தவர்களும் உண்டு. வெட்டினால் குற்றம். சடை இருந்தது என்று நாமே ஒத்துக்கொண்டதாகவும் ஆகிவிடும்.

சிக்கெடுத்தால் குற்றம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. சடையைச் சிக்கெடுக்க முடியும் என்று யாரும் நினைக்கவே இல்லை.

மாரம்மா களிப் பானையை இறக்கி வைத்தாள். அடுப்பில் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை வைத்தாள். வரப்பிலிருந்து சோற்றுக் கற்றாழையை மடி நிறைய ஒடித்து வந்து, தோலைச் சீவி, கொழகொழவென்று இருந்த சோற்றைச் சட்டியில் வழித்துப் போட்டாள்.

"அம்மா, மொட்டை அடிச்சுடேன். சுளுவா இருக்கும்" என்றாள் சம்பங்கி.

"வாயை மூடிட்டு வெளிச்சத்துல வந்து குந்து."

மாரம்மா பிறந்தது சிங்காரப்பேட்டைப் பக்கம். பெற்ற தாயே அவளுடைய முடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். குருவிக்கூடு, முள்ளுப்புதர், கம்பளிக்காரி என்று தெருவில் அவளுக்குப் பேர்கள் பல. களை எடுக்கப் போனால் பதரும் தூசியும் தலையில் தங்கிவிடும். "கூலியைத் தலையிலயே அளந்து எடுத்துட்டுப் போறியா?" என்று கங்காணி கேட்பான். பெண் பார்க்க வந்த நாளில், செம்பில் நெருப்புத் துண்டங்களைப் போட்டு, ஈரத் துணியை முடிமேல் விரித்து, துணிக்குத் தேய்ப்புப் போடுகிற மாதிரி அவள் அம்மா தேய்த்தாள். முடி படிந்தது. காதுக்குப் பின்னால் தோலும் வெந்தது. மாப்பிள்ளை வீட்டார் போகும்வரை அழக்கூடாது என்று உத்தரவு. பண்ணையில் குதிரைக்காரனாக இருந்த ஆஞ்சப்பன், நிமிர்ந்து பார்க்காமல் அழுகையை அடக்கிக்கொண்டிருந்த பெண்ணை அடக்கமானவள் என்று எண்ணிக் கட்டிக்கொண்டான். மறுவாரம் அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது, "இது யாரு?" என்று கேட்டான். கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள்.

அவளுடைய அக்கா செல்லியைப் பற்றி மட்டும் மாரம்மா யாரிடமும் பேச மாட்டாள். செல்லிக்கும் இதே முடி. தாய் பிள்ளைப்பேற்றில் படுத்துக் கிடந்த மாதத்தில் செல்லியின் தலையை வார ஆள் இல்லை. எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி விழுந்தது. அதில் மஞ்சள் வைத்தார்கள். செல்லி கூடையோடு போனாள். இடையில் எப்போதோ வந்து, வாசலில் நின்று, வெளியாளைப் போலப் பிச்சை வாங்கிக்கொண்டு போனாள். பிறகு காவேரிப்பட்டினத்துச் சந்தைக்குப் போய் வந்த யாரோ, அங்கே ஒரு சத்திரத்தில் அவள் செத்துப்போனதாகச் சொன்னார்கள். எந்த நாள், எங்கே புதைத்தார்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குத் தெரியவில்லை. அழுவதற்கு ஒரு திசைகூட இல்லாமல் போன சாவு அது.

விளக்கெண்ணெய் சூடேறியது. மாரம்மா அதைக் கற்றாழையோடு குழைத்து, மகளின் தலையில் கை கையாக அப்பி ஊறவிட்டாள். கொம்புச் சீப்பை எடுத்து உச்சியில் வைத்து இழுத்தாள். சம்பங்கி வீறிட்டாள். சீப்பில் ஒரு பல் முறிந்தது.

சத்தம் கேட்டு ஆஞ்சப்பன் உள்ளே வந்தான். செய்தி லாயம்வரை போயிருந்தது. மேலதிகாரியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தான். சற்று நேரம் நின்று பார்த்தான்.

"அங்க இருந்து இழுக்காத மாரி. நுனியைப் புடி. விரக்கடை அளவு மட்டும் வாரு. அது வுட்டா இன்னும் விரக்கடை மேல போ. வேர் பக்கம் இன்னொரு கையால இறுக்கிப் புடிச்சுக்க. அப்ப வலி ஏறாது. குதிரை வாலுல நாயுருவி ஒட்டினா அப்படித்தான் எடுப்போம்."

"நான் என்ன குதிரையா?" என்றாள் சம்பங்கி அழுகைக்கு நடுவே.

"குதிரையா இருந்தா இன்னேரம் ஒதைச்சிருக்கும். நீ தேவலாம்."

அவனும் எதிரில் குந்தி ஒரு கற்றையைக் கையில் எடுத்தான். மாரம்மா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க அக்கா வேண்டுதலுக்கு எதிரா உக்காந்திருக்கே. தெரியுதா?"

"தெரியுது." அவன் விரல்கள் நிற்கவில்லை. "அக்கா மனசுல கெட்டது இல்ல மாரி. பிள்ளை பொழைக்கணும்னுதான் வேண்டிக்கிச்சு."

"அதான் எனக்குப் பயம். கெட்டவளா இருந்தா ரெண்டு வார்த்தை திட்டி அனுப்பிடுவேன்."

"இப்பிடிப் பொண்ணுங்களைச் சாமிக்கு வுடக்கூடாதுன்னு சர்க்காரு சட்டம் போட்டிருக்குதாம். கம்பவுண்டர் சொன்னாரு."

"சட்டமா வந்து வாசல்ல நிக்கப்போவுது? பூசாரிதான் நிப்பான்."

விரற்கடை அளவு விட்டது. பிறகு இன்னும் கொஞ்சம். முடிச்சுக்குள் முடிச்சாக இருந்தது. சீப்பு போகாத இடத்தில் மாரம்மா விரல் நகத்தால் ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். அம்மன் போட்ட முடிச்சாக இருந்தால் தன் கைக்கு அவிழாது என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். அவிழ்கிற ஒவ்வொன்றும், அது அம்மன் போட்டது இல்லை என்பதற்குச் சாட்சி. ஆனால் ஒரு முடிச்சு சற்று நேரம் அவிழாமல் நின்றால் அதே கணக்கு அவளுக்கு எதிராகத் திரும்பியது. புறங்கையால் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருக்கிற மாதிரி இருந்தது. எண்ணெய்ச் சூடா, வெயிலா, வேறு ஏதாவதா?

"தொட்டுத் தொட்டுப் பாக்காதேம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் சம்பங்கி.

வெயில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. தலையின் வலப்பக்கம் முழுவதும் பிரிந்தது. இடப்பக்கமும் பிரிந்தது. அப்போதுதான் மாரம்மாவுக்கு அடுத்த பயம் வந்தது. பிரிந்த முடி காற்றுப்பட்டு உப்பிக்கொண்டு எழுந்தது. முன்னைவிடப் பெரிதாக, நான்கு பக்கமும் விரிந்து நின்றது. இதைத் தூரத்திலிருந்து பார்த்தால் பூசாரி பக்கத்தில் வந்து சோதிக்கவே மாட்டான். பார்த்ததும் கும்பிட்டு மஞ்சளை வைத்துவிடுவான்.

"படிய வெக்கணும்" என்றாள். "நெருப்பை எடு."

ஆஞ்சப்பன் அடுப்பிலிருந்து நெருப்புத் துண்டங்களை எடுத்துப் பித்தளைச் செம்பில் போட்டான். மாரம்மா ஈரத் துணியை மடித்து முடிமேல் விரித்தாள். செம்பின் அடியை அதன்மேல் வைத்து, உச்சியிலிருந்து நுனிவரை அழுத்தி இழுத்தாள். துணியிலிருந்து ஆவி எழுந்தது. விளக்கெண்ணெயும் முடியும் சேர்ந்த ஒரு கருகல் நெடி குடிசையை நிறைத்தது. காதருகே வந்தபோதெல்லாம் தன் இடது உள்ளங்கையைத் தடுப்பாக வைத்துக்கொண்டாள். கை கொப்பளித்ததை அவள் பிறகுதான் பார்த்தாள். துணியை எடுத்த இடத்தில் முடி கறுத்த துணியைப் போலப் பளபளவென்று நேராகக் கிடந்தது.

தளி ரோட்டுப் பக்கமிருந்து ஒற்றைத் தந்தி வாத்தியத்தின் சத்தம் கேட்டது.

"பின்னங்கழுத்து இன்னும் பாக்கி" என்றாள் மாரம்மா.

ஆஞ்சப்பன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினான். வாத்தியம் நெருங்கி வந்தது, கிணற்றடியில் நின்றது. மாரம்மாவின் விரல்கள் பின்னங்கழுத்துக்குப் போயின. அங்கே முடி மெல்லியதாக, ஒட்டிப் போய்க் கிடந்தது. பாயில் அதிகம் தேய்ந்த இடம். வெளியிலிருந்து கணவனின் குரல் கேட்டது.

"அக்கா, கால் கழுவிக்கோ. மோர் கொண்டாரச் சொல்றேன்."

"மோரும் வேணாம் ஒண்ணும் வேணாம். பிள்ளை எப்பிடிடா இருக்குது?"

"நல்லா இருக்குது அக்கா. சாமி, நீங்க உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. கூடையை நிழல்ல வெய்யுங்க."

"பேடா, பேடா" என்று கன்னடத்தில் மறுத்தது பூசாரியின் குரல். "உச்சி சாயறதுக்குள்ள முடிச்சுடணும். வேற ஊருக்கும் போகணும்."

"ஒரு வாய் கூழு. வெறும் வயித்தோட போனீங்கன்னா எனக்குப் பாவம்."

"என்னா ஆஞ்சி, வழியை மறிச்சுட்டு நிக்கறே?" என்றாள் சாந்தம்மா.

வாத்தியம் மறுபடியும் ஒலிக்கத் தொடங்கியது. பின்னங்கழுத்தில் ஒரு முடிச்சு மட்டும் மிச்சம் இருந்தது. பூந்திக்கொட்டை அளவு. மாரம்மா அதை நகத்தால் கிள்ளினாள். அது நகரவில்லை. மேல்முடியை அதன்மேல் இழுத்து மூடிச் செம்பால் ஒருமுறை அழுத்தினாள். அந்தச் செம்பை ஓரமாகத் தள்ளுவதற்குள் வாசலில் நிழல் விழுந்தது.

முனிவேல் நெற்றியிலும் மார்பிலும் மஞ்சள் பூசியிருந்தான். உள்ளே வந்தவன் பிள்ளையைப் பார்த்தான். மாரம்மாவைப் பார்த்தான். பிறகு சாந்தம்மாவிடம் திரும்பினான்.

"ஏனம்மா, சடை எங்கே? நீதானே பாத்தேன்னு வந்து அழுதே?"

எண்ணெய் வழிய, கோடு பிடித்த மாதிரி நேராகத் தோளில் விழுந்து கிடந்த முடியையே சாந்தம்மா பார்த்தபடி நின்றாள். கருகல் நெடி இன்னும் போகவில்லை.

"என்னாடி செஞ்சே மாரி?"

"சிக்கெடுத்தேன் அக்கா. கத்திரி படலை, கத்தி படலை. வுழுந்த முடியைக்கூட எறியலை, பாரு, மூலையில வெச்சிருக்கேன்."

"அம்மன் கொடுத்ததை நீ எப்பிடிடி எடுப்பே?"

"அம்மன் கொடுத்திருந்தா என் கைக்கு வந்திருக்குமா?" மாரம்மா சீப்பை நீட்டினாள். "நான் சொல்றது வேணாம். நீயே வாரிப் பாரு அக்கா. சீப்பு நிக்குதான்னு பாரு."

பூசாரி மடியிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டே, "பாரு, பாரு" என்றான்.

சாந்தம்மா பிள்ளையின் பின்னால் உட்கார்ந்தாள். உச்சியிலிருந்து சீப்பை இழுத்தாள். அது வழுக்கிக்கொண்டு நுனிவரை போனது. வலப்பக்கம் வாரினாள். இடப்பக்கம் வாரினாள். பிறகு மேல்முடியைத் தூக்கிவிட்டுக் கழுத்தோரம் சீப்பை வைத்தாள்.

சீப்பு நின்றது.

மாரம்மா சாந்தம்மாவின் கட்டைவிரலைப் பார்த்தாள். அது அந்த முடிச்சின்மேல் இருந்தது. அதை உருட்டியது, அழுத்தியது.

"அத்தே, அங்க வேணாம். அங்க ரொம்ப வலிக்குது" என்றாள் சம்பங்கி.

விரல் விலகவில்லை. ஆனால் அழுத்தவும் இல்லை. சாந்தம்மா தலையைத் தாழ்த்தி, மாரம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"காச்சல் திரும்பி வந்தா?"

"வந்தா தோள்ல போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். கூடையைத் தூக்கிட்டுப் போனவளை நான் எந்தத் திசையில போய்த் தேடுவேன் அக்கா? ஒருத்தியைத் தேட முடியாமத்தானே நிக்கறேன்."

"ஏனம்மா, இருக்கா இல்லையா?" என்றான் முனிவேல். அவன் விரல் நுனியில் மஞ்சள் குழைந்து தயாராக இருந்தது.

சாந்தம்மா மேல்முடியைக் கீழே விட்டாள். அதை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டாள்.

"சிக்குதான் சாமி. சடை இல்ல."

"சிக்கா சடையான்னு சொல்ல நீ யாரு?"

"வேண்டிக்கிட்டவ நான்." அவள் எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை உசுரை வாங்கிட்டு ஏமாத்தறேன்னு நெனைக்காதீங்க. என் வாய்தானே வாக்குக் கொடுத்துச்சு, என் தலையையே தர்றேன். உங்ககூட நடந்து வந்து சன்னிதியில மொட்டை போட்டுக்கறேன். அம்மனுக்கு அது போதாதுன்னா என்கிட்டயே கேக்கட்டும். இந்தப் பக்கம் வர வேணாம்."

"அக்கா!" என்றான் வாசலில் நின்ற ஆஞ்சப்பன். புருஷன் இருக்கும் பெண் மொட்டை போட்டுக்கொள்வது அந்த வீட்டில் அதுவரை நடந்ததில்லை.

"நீ சும்மா இரு. மோர் வேணுமா, கூழு வேணுமான்னு வழியில நின்னியே, அப்பவே எனக்குத் தெரியும்டா."

முனிவேல் பயமுறுத்துவான் என்று மாரம்மா காத்திருந்தாள். அவன் விரலில் இருந்த மஞ்சளைச் சாந்தம்மாவின் நெற்றியில் இழுத்துவிட்டுப் பொட்டலத்தை மடித்தான்.

"கொடுக்கறவ நீ, வாங்கறவ அவ. நடுவுல எனக்கென்ன?" என்றான். பிறகு ஆஞ்சப்பனைப் பார்த்து, "கூழுன்னு சொன்னியே, அது எங்கே?" என்று கேட்டான்.

அவர்கள் களியைக் கரைத்துக் குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள். சாந்தம்மா சம்பங்கியின் கன்னத்தைத் தடவினாள். கூட்டத்தின் கடைசியில் செருப்பில்லாமல் நடந்தாள். அவளுடைய சிறிய நரைத்த கொண்டை ரோட்டில் திரும்பும்வரை தெரிந்தது.

மாரம்மா உள்ளே வந்து மகளின் நெற்றியில் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. சற்று நேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அழுதாள். செல்லி செத்த செய்தி வந்த நாளில் அழாத அழுகை அது என்று ஆஞ்சப்பன் பின்னாளில் சொல்வான். அன்று அவன் கொப்பளித்த அவள் உள்ளங்கையில் மிச்சமிருந்த கற்றாழையை வைத்துக் கட்டினான்.

பண்ணையில் பிற்பகல் மணி அடித்தது. புல் அறுக்கப் போக வேண்டும். சம்பங்கி சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். மாரம்மா அவளைப் பாயில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தோர முடியை விலக்கிப் பார்த்தாள். சீப்பைக் கையில் எடுத்தாள். பிள்ளை விழித்துக்கொள்வாள் என்று கீழே வைத்துவிட்டாள். பூந்திக்கொட்டை அளவில் இருந்த அந்தச் சிக்கை மட்டும் அன்றைக்கு அவள் எடுக்கவில்லை.